மூக்கண்ணனின் சம்பந்தி

மேடையில் அமர்ந்திருக்கும் பிரிவுத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் உருகிப் பேசி அமர்ந்த சங்கச் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே! எரிவாயுக் கசிவுச் சோதனைப் பிரிவிலிருந்தும் புகார்ப் பிரிவிலிருந்தும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

செயலாளர் அவர்கள் நம் மூக்கண்ணனை "மணம் பரப்பிய மலர்" என்றார். தோழரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். மணமா? மலரா? அந்த மனிதரோடு பத்தொன்பது வருடம் ஒரே வேனில், பக்கத்து இருக்கையில் போய் வந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் பரப்பியது மணம் இல்லை. நாற்றம். சுத்தமான, கலப்படமில்லாத நாற்றம்! செத்தவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் தொழிலைப் பேசுவோம். மூத்த கசிவுச் சோதகர் மூக்கண்ணன்! இருபத்தெட்டு வருட சேவை! நாம் குழாயில் அனுப்பும் வாயுவுக்கு இயல்பாக வாசம் கிடையாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று நாமேதான் அதில் அழுகல் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறோம். அந்த நாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச யார் இருந்தார்கள்? கையிலிருக்கும் கருவி கத்துவதற்கு முன்னால் அவர் விரல் நீளும். ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு இரண்டு குழு போய், "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டு வந்தது. இவர் போனார். சமையலறையில் மண்டியிட்டார். அலமாரிக்குப் பின்னால் மூக்கை நுழைத்தார். "இங்க இருக்கு தம்பி, பாவம், முனகிக்கிட்டு கிடக்கு" என்றார். கருவியை வைத்தேன். கத்தியது! அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட மூக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தார்? சீஸ் தின்றார்!

ஒரு வகையா, இரண்டு வகையா? வாரத்துக்கு ஆறு வகை. வெட்டினால் உள்ளே பச்சையும் நீலமுமாகப் பூஞ்சணம் ஓடியிருக்கும் ஒன்று. அதற்கு "நீலக்கண்ணு" என்று பெயர் வைத்திருந்தார். வெள்ளாட்டுப் பாலில் செய்து சாம்பலில் புரட்டியது "சாம்பல் உருண்டை". பல்லில் நறநறவென்று அரைபடும் பழைய மஞ்சள் கட்டி "பெரியப்பா". எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறத் தோல். தொட்டால் பிசுபிசு என்று விரலோடு வரும். கத்தியில் ஒட்டும். உள்ளே கூழ். அதற்கு அவர் வைத்த பெயர் "சம்பந்தி". ஏன் அண்ணே என்று கேட்டேன். "வந்து உக்காந்தா வீடே திணறும் தம்பி. ஆனா ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? சிரிச்சிக்கிட்டே உபசரிக்கணும்" என்றார்.

சிரிக்கிறீர்கள். நான் சிரித்ததில்லை. எனக்குப் பால் என்றாலே ஆகாது. தயிரைக் கண்டால் எழுந்து போகிறவன் நான். வெளியே மழை. கண்ணாடியை ஏற்றியாகிவிட்டது. இவர் மடியில் டப்பாவைத் திறந்து வைக்கிறார். உடனே தின்னவாவது தின்பாரா? மாட்டார்! "சில்லுனு சாப்பிட்டா அது வாயே தொறக்காது தம்பி. கொஞ்சம் சூடு ஏறணும்" என்று ஒரு மணி நேரம் காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரம் ஈரக் காலுறையும் ஆட்டுக் கொட்டகையும் சேர்ந்து என் தொண்டைக்குள் இறங்கும். குமட்டும். ஓக்காளம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துண்டை நாக்கில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கும். கண்ணைத் திறந்ததும், "ஒரே ஒரு துண்டு வாயில வையேன் தம்பி" என்பார். வருடக்கணக்காகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான், "சீ, கொண்டு போங்கண்ணே அந்தப் பக்கம்" என்றேன்.

வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நிறுத்துவாள். "சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் வேன் ஏறும் முன்னால் மூக்குக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்வேன். ஒரு கசிவுச் சோதகன், மூக்கைத் தைலம் போட்டு அடைத்துக்கொண்டு வேலைக்குப் போவான்! இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்க வேண்டாமா? சுளியுங்கள். இன்னும் இருக்கிறது.

ஒருநாள் மூக்கண்ணனிடம் கத்தினேன். "எல்லாம் ஒரே நாத்தம்தானே அண்ணே, அதுல என்ன ஆறு வகை?" அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரே நாத்தமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாத்தம் இருக்கு. நீ மூக்கப் பொத்திக்கிட்டு எல்லாத்தையும் ஒண்ணுங்கற" என்றார். அதை நான் மனத்தில் வாங்கவே இல்லை.

தோழர்களே! நான்கு வருடங்களுக்கு முன்னால் நிர்வாகத்துக்கு ஒரு மனு போனது உங்களுக்கு நினைவிருக்கும். "மேற்படி ஊழியர் மேற்படி பாலாடைக்கட்டியை அலுவலகத்திலும் வாகனத்திலும் உட்கொள்வதால் சக ஊழியர்கள் சொல்லொணாத் துன்பம் அடைகிறார்கள்." கீழே பெயர் இல்லை. "பாதிக்கப்பட்ட ஊழியர்கள்" என்று மட்டும் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தடை உத்தரவு ஒட்டினார்கள். வேனில் சீஸ் கூடாது, முன் அறையில் கூடாது. பின்பக்கம் மீட்டர் கிடங்கில், மீட்டர்களுக்கு வாயு விட்டுப் பார்க்கும் சோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கே இருபத்து நான்கு வருட சேவை, அதற்கு ஒரு ஸ்டூல்! பழைய மீட்டர்களுக்கு நடுவில் அவர் தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார். நம்மில் யார் அங்கே ஒருநாளாவது எட்டிப் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா? சொல்லுங்கள்!

அதற்கு அடுத்த வருடம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சரியாகத் தெரியாது.

மதிய இடைவேளை. முன் அறையில் பதினேழு பேர் இருந்தோம். பின்பக்கத்திலிருந்து நாற்றம் மெல்ல வந்தது. யாரோ, "சம்பந்தி வந்துட்டாருப்பா" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். நாற்றம் ஏறியது. ஒருவர் ஜன்னலைத் திறந்தாரா? கருவியைக் கையில் எடுத்தாரா? கசிவு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் பதினேழு பேர், அறைக்குள் வாயு நிறைய நிறைய, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தோம்! நான் தைலக் குப்பியைத் திறந்து இன்னொரு முறை தடவிக்கொண்டேன்.

பின்முற்றத்தில் கை கழுவிவிட்டு அப்போதுதான் கிடங்குக்குள் நுழைந்த மூக்கண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கையில் டப்பா. "அது என்னுது இல்ல! நான் இன்னைக்குச் சாம்பல் உருண்டைதான் கொண்டாந்தேன், அதுக்கு இந்த நாத்தம் கிடையாது! சுவிட்ச்சத் தொடாதீங்க, எல்லாரும் வெளிய போங்க!"

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். மறுபடியும் சிரித்தோம்! புகார்ப் பிரிவு அக்கா தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலின் சுவிட்ச்சில் கை வைத்திருந்தார். மூக்கண்ணன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தார். பிறகு அவரே திரும்ப உள்ளே போய், சோதனை மேசையில் கழன்றிருந்த இணைப்பின் வால்வை மூடினார். பதினேழு பேர் இன்றைக்கு இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோமே, எப்படி?

விசாரணை அறிக்கை என்ன சொன்னது? "பாலாடைக்கட்டியின் துர்நாற்றத்தால் கசிவை அடையாளம் காண்பதில் குழப்பம் ஏற்பட்டது. மேற்படி ஊழியர் இது குறித்து முன்பே எச்சரிக்கப்பட்டவர்." ஆதாரமாக அந்தப் பெயரில்லாத மனுவை இணைத்தார்கள். நம்மைக் காப்பாற்றியவருக்குப் பணிப் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு! சாட்சி சொல்லப் போனவர்களில் நானும் ஒருவன். "சீஸ் என்று நினைத்தோம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வேனில் ஏறினார். ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். "பெல்ட்டப் போடு தம்பி" என்றார். அந்தக் கறையோடுதான், ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது, போன வாரம் அவருடைய இதயம் நின்றது.

நேற்று அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். "இது ஒண்ணுதான் மிச்சம் தம்பி. பொண்ணும் தொட மாட்டா, நானும் தொட மாட்டேன். உங்ககிட்ட குடுக்கணும்னு தோணுச்சு." எனக்கு ஆகாதே அண்ணி என்றேன். அண்ணி சிரித்தார். "தெரியும் தம்பி. நாலு வருஷமா தெரியும். அந்த மனுவ அவர்கிட்ட காட்டினாங்கல்ல, மோந்து பாத்தாராம். தைல வாசம் அடிச்சுதுன்னு அன்னைக்கே வந்து சொன்னாரு. அப்போ தம்பிகிட்ட கேளுங்களேன்னேன். கேட்டா அவன் வேற வேனுக்குப் போயிடுவான்னுட்டாரு."

தோழர்களே, "பாதிக்கப்பட்ட ஊழியர்கள்" என்று பன்மையில் எழுதியிருந்ததே, அது ஒரே ஆள். நான்.

தெரிந்துகொண்டே நான்கு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்! தெரிந்துகொண்டே என் காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்! தடை வந்த பிறகும் திங்கள்கிழமை தவறாமல், "நேத்து ஒரு புதுசு சாப்பிட்டேன், கேக்கறியா?" என்று ஆசையாகச் சொல்ல வருவார். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன். பத்தொன்பது வருடம் அந்த டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தேனே, நேற்று ராத்திரி கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது வந்த அருவருப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

பிரிவுத் தலைவர் அவர்களே, இது என் வாக்குமூலம். மனு எழுதியவன் நான். விசாரணையில் பாதியை மறைத்தவன் நான். அன்று கசிவைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். என் பெயர், என் கையெழுத்து, தேதியோடு எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளுங்கள். என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். அவர் பதிவேட்டில் இருக்கும் அந்த வரியை அடிக்கும் வரை இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பேன். அண்ணி முன்னால் சொல்கிறேன். இனி அவர் வேலையை நான் தொடர்வேன், தைலம் இல்லாமல்!

இன்னொன்று. கூட்டம் தொடங்கியதிலிருந்து கவனிக்கிறேன். தலைவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். செயலாளர் இரண்டு முறை செருப்பைத் திருப்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறீர்கள். வேண்டாம், யாரையும் சந்தேகப்படாதீர்கள். இந்த மேசைக்குக் கீழே இருக்கிறது டப்பா. ஒரு மணி நேரமாகத் திறந்துதான் வைத்திருக்கிறேன். சில்லென்று சாப்பிட்டால் வாயைத் திறக்காதாம்.

இதோ, சம்பந்தி. ஒரே ஒரு துண்டு.

...

இல்லை, தண்ணீர் வேண்டாம். உட்காருங்கள்.

அண்ணே! பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. குமட்டுகிறது. இதில் நீங்கள் கண்ட ருசி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விழுங்கிவிட்டேன்.

தோழர்களே, வெளியே போனதும் உங்கள் சட்டையில் இது அடிக்கும். வீட்டில் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். பழக்கதோஷத்தில் மூக்கண்ணன் பேரைச் சொல்லிவிடாதீர்கள். அவருடையது இல்லை. இது என்னுது.