சட்டையை யார் போட்டுவிட்டது?

— பொய்! அத்தனையும் பொய்! ப்ரூவிட் அம்மா, இவர் பேச்சை நம்பாதீங்க. இவர் தானாக் குளிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

— ஒலீட்டா, பட்டாளத்துக்காரன் பேசறப்போ குறுக்கே வராதே. நானேதான் குளிக்கிறேன். இவ சும்மா சோப்பு எடுத்துக் குடுப்பா.

— சோப்பா? தூக்கி உக்கார வச்சு, முதுகு தேய்ச்சு, தலை துவட்டி... போன வாரம் வழுக்கி ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தோமே, அது என்னவாம்?

— அது... நடனம்.

— வெர்லின் ஐயா, நான் படைவீரர் நல அலுவலகத்துலேர்ந்து வந்திருக்கேன். குத்தம் கண்டுபிடிக்க வரலை. தினமும் உதவி வேணும்னு தெரிஞ்சா உதவித்தொகை கூடும், ஆள் வச்சுக்கலாம். சாப்பாடாவது நீங்களே சாப்பிடறீங்களா?

— ஓ, பேஷா!

— கிரேவியை இவர் ஸ்பூன்ல எடுத்தா பாதி நாய்க்குத்தான் போகும்.

— நாய்க்கும் பசிக்கும்ல?

— சரி, இந்தச் சட்டையை யார் போட்டுவிட்டது?

— நானேதாம்மா போட்டுக்கிட்டேன்.

— ஒரே ஒரு பொத்தானைக் கழட்டி மாட்டுங்க, பார்ப்போம்.

— இந்தா... இரு... சட்டை புதுசு. ஓட்டை சின்னது.

— புதுசா? நாயை விட வயசான சட்டை அது! கை நடுங்குதுன்னு சொல்லித் தொலையேன்யா. வியட்நாம் சண்டையில காட்டை அழிக்கக் கொட்டின விஷ மருந்து உன் மேலயும் கொட்டிச்சு. அது உன் தப்பா?

— போன தடவையும் எல்லாம் நானே செய்யறேன்னு சொல்லி, வந்தவங்களை அனுப்பிட்டீங்களாமே. கௌரவமா ஐயா?

— கௌரவமாவது! இவ முன்னாடி அது என்னிக்கோ போச்சு. பயம்மா.

— பயமா? உனக்கா?

— நீங்க பணம் குடுப்பீங்க. இவ ஒரு தடியனை வேலைக்கு வைப்பா. அப்புறம் பெட்டியைத் தூக்கிட்டு டல்சாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிடுவா.

— பெண்டாட்டி அப்படி விட்டுட்டுப் போயிடுவாங்களா?

— பெண்டாட்டியா? நாங்க விவாகரத்து வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சும்மா. எனக்கு முடியலைன்னு கேள்விப்பட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்தவ இவ.

— அடப்பாவி! இதுக்கா இத்தனை நாளா என் இடுப்பை ஒடிச்சே?

— கோவிச்சுக்காதே, ஒலீட்டா. அம்மா, எழுதிக்கோங்க. குளிக்க, உடுத்த, சாப்பிட, எதுவும் என்னால முடியாது. இவ இடுப்பு பாவம். போகட்டும்.

— இன்னொண்ணும் எழுதிக்கோங்கம்மா. தூக்கிவிட தடியன் வரட்டும், ஆனா நான் எங்கேயும் போறதா இல்லை. இந்த ஆளைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே, நிம்மதியா உக்காந்து சண்டை போட எனக்கு நேரமே கிடைக்கலை!