குறை சொன்னாத்தேன் மாத்துவாக

...கேட்டீகளா இந்த அநியாயத்த? ஒம்பது மணியிலருந்து இதே நாக்காலியில உக்காந்துருக்கேன். "தலைவருங்க உரையாடல்ல இருக்காங்கம்மா"ங்குறான் அந்த வாசல்ல நிக்கிற பய. உரையாடலா அது? அந்தா, கண்ணாடிக் கதவு வழியாப் பாருங்க தாயி. வட்டமாத் தரையில உக்காந்து பந்த உருட்டிக்கிட்டு இருக்காக! பந்து யாரு கையில இருக்கோ அவுகதேன் பேசணுமாம். அட, எங்கிட்ட ஒரு நிமிசம் குடுங்கய்யா அந்தப் பந்த. பேசிட்டு நான் பாட்டுக்கு என் சோலியப் பாக்கப் போயிருவேன்ல...

இங்கிட்டு நகந்து உக்காருங்க, காத்து வரும். நீங்களும் புள்ள விசயமாத்தேன் வந்தீகளா? எந்த ஊரு... சரி சரி, அப்பறமாச் சொல்லுங்க. மொதல்ல எங்கதையக் கேளுங்க.

எம்பேரு கருத்தம்மா. போடிதேன். ஏலக்காத் தோட்டத்துல காயெடுக்கப் போறவ. விடிய அஞ்சரைக்கு ஜீப்பு. மலை மெட்டு ஏறி அங்கிட்டு மலையாளத்துக்காரக தோட்டத்துக்குப் போயி, அந்தச் சேட்டன்மாருகிட்ட ஏச்சும் பேச்சும் வாங்கி, வீடு வந்து சேர ராவு ஏழாயிரும். மக காளீஸ்வரி, கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஒம்பதாவது. இன்னையோட பதினோரு நாளு, பள்ளிக்கூடத்துப் பக்கமே எட்டிப் பாக்கல. அடுத்த வாரம் பரிச்சை. "சூர்யகலா அக்கா வந்தாத்தேன் போவேன்"னு சாதிக்கிறா. அந்தச் சூர்யகலாவ இவுக வேற ஊருக்குத் தூக்கிப் போட்டுட்டாக. "அவள எங்களுக்குத் திருப்பிக் குடுங்க"ன்னு கேக்கத்தேன் வந்து உக்காந்துருக்கேன்.

அதான், இந்த நீலச் சட்டைப் புள்ளைக இருக்குல்ல? படிச்சு முடிச்சுட்டு ஒரு வருசம் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஊழியம் பாக்குதுகளே, அதுல ஒருத்தி. புள்ளைகளக் கொற சொல்ல மாட்டேன். தங்கமான புள்ளைக. இந்தத் தலைவருக இருக்காகளே, அவுகளத்தேன் எனக்கு வெளங்கவே இல்ல. மெட்ராசுலருந்து வருவாக. பள்ளிக்கூட வாசல்ல வரிசையா நின்னு, உள்ள போற புள்ளைகளுக்குக் கை தட்டுவாக. மணியடிச்சு உள்ள வர்ற புள்ளைக்கு எதுக்குய்யா கைதட்டு? வராத புள்ள வீட்டுல தூங்குது, அதுக்குக் கேக்குமா ஒங்க கைதட்டு?

அது கெடக்கட்டும். இவுகள்ல யாரு பெரியவுகன்னு கண்டுபிடிங்க பாப்போம். மொதல்ல அனுசியா மேடத்துகிட்டப் போனேன். "இங்க எல்லாருமே தலைவர்தாம்மா"ன்னாக. சரின்னு யோகராஜ் சாருகிட்டப் போனேன். அவரு தாடியத் தடவிக்கிட்டு, "நான் உத்தரவு போடுறதில்லம்மா, குழுதான் முடிவெடுக்கும்"னாரு. குழு யாருங்கய்யான்னா, "நீங்களும் குழுதான்"னுட்டாரு. அப்ப நான் முடிவெடுத்துட்டேன், சூர்யகலாவ அனுப்புங்கன்னேன். சிரிக்கிறாரு! தலையச் சாச்சுக்கிட்டு, "ஒங்க வலி எனக்குக் கேக்குதும்மா"ங்குறாரு. கேட்டு என்னத்துக்குங்கய்யா?

வீட்டுக்கு வந்து தாய்மாரப் பாக்கணும்னு ஒரு திட்டம் போட்டாக. நல்ல திட்டந்தேன். எப்ப வந்தாகங்கிறீக? பகல் பத்து மணிக்கு! எங்க தெருவுல பத்து மணிக்கு நாயும் கோழியுந்தேன் இருக்கும். பூராப் பேரும் மலையில நிக்கிறோம். வந்தவுக சும்மா போனாகளா? "இன்று உங்களைச் சந்திக்க வந்தோம்"னு மஞ்சத் தாள ஒட்டிட்டுப் போயிருக்காக. என் வீட்டுக் கதவுல மட்டும் ஆறு தாளு. காளீஸ்வரி எண்ணிச் சொன்னா. அப்பறம் இந்த ஆபீசுல "வீட்டுச் சந்திப்பு இத்தன நூறு"ன்னு கலர் கலரா எழுதிப் போட்டுருக்காக. பூட்டியிருந்த கதவையெல்லாம் சந்திச்சுருக்காக தாயி!

சூர்யகலாதேன் சூட்சுமத்தக் கண்டுக்கிட்டா. எந்தத் தாயும் வீட்டுல இல்ல, ஆனா அஞ்சு மணிக்கு அம்புட்டுப் பேரும் ஜீப்பு ஸ்டாண்டுல நிப்போம்னு. விடிய அஞ்சுக்கு ஒரு நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. "அக்கா, தம்பிக்குக் காச்ச விட்டுருச்சா?" "அக்கா, காளீஸ்வரி நேத்தும் வரலயே?"ன்னு ஒவ்வொருத்தியாக் கேப்பா. நாங்க ஜீப்பு ஏறுனதும், ஏழு மணிக்குத் தெருவுக்குப் போயி ஒவ்வொரு கதவாத் தட்டி, மறுபடி படுத்துக் கெடக்குற புள்ளைகள எழுப்பிக் கூட்டிட்டுப் போவா. எம்மக வாயத் தொறந்து நாலு வரி வாசிக்க மாட்டா, கிளாசுல சிரிப்பாகன்னு. அவள ஜீப்புல எழுதியிருக்கிறது, கடை போர்டு, காய்ச் சாக்குல அடிச்சிருக்கிறதுன்னு ஒண்ணு விடாம வாசிக்க வச்சா. மூணு மாசம், ஒரு நாளு லீவு போடல எம்புள்ள. நான் அஞ்சாப்போட நின்னவ. அவ வாசிக்கையில அடுப்ப அமத்திட்டு உக்காந்து கேப்பேன்னா பாத்துக்கிருங்க...

அப்பேர்ப்பட்டவள ஏன் மாத்துனாகங்கிறீகளா? அத ஏங் கேக்குறீக. எவளோ ஒருத்தி கொற சொல்லிட்டாளாம். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாத பொம்பள எந்த ஊருலதேன் இல்ல? விடுங்க. தண்ணி குடிக்கிறீகளா?

ஏன் செவத்துல மாட்டியிருக்க அந்தப் போட்டோவையே பாக்குறீக?

...ஆமா. அந்த நடுவுல, கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறது நாந்தேன். கீழ என்ன எழுதியிருக்கு? "துணிச்சலான அம்மா". வாசிச்சுட்டீகளா? சரி. மறைச்சு என்ன ஆகப் போகுது.

நாங்க மலையிலருந்து எறங்குன பெறகு, ராவு எட்டு மணிக்கு, பெற்றோர் கூட்டம்னு ஒண்ணு போட்டாக. சூடா போண்டா. யோகராஜ் சாரு வந்து, "பாராட்டு வேணாம், குறை சொல்லுங்க, தயங்காம சொல்லுங்க"ன்னு கெஞ்சுறாரு. அம்புட்டுப் பொம்பளைகளும் குனிஞ்சு போண்டாவப் பிச்சுக்கிட்டு இருக்காளுக. பாவமாப் போச்சு எனக்கு. அன்னைக்குக் காலையிலதேன் அந்தச் சூர்யகலாப் புள்ள ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரு முன்னால, "அக்கா, காளீஸ்வரி வீட்டுப்பாடமே எழுதலயே, நீங்க பாக்குறதில்லயா?"ன்னு கேட்டுருச்சு. நான் அதுக்கு ஞாயஞ் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முன் சீட்டுல எங்கூடக் காயெடுக்க வர்ற ஈஸ்வரி ஏறிட்டா! எனக்கு முன் சீட்டு இல்லாட்டி மெட்டு வளைவு தாங்காது தாயி. நாலாவது வளைவுலயே கொடலப் பொரட்டிரும். அன்னைக்கு மெட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி. அந்த ஆத்தரம்...

எந்திரிச்சேன். "அந்தப் புள்ள வந்து நிக்கிறதால ஜீப்பு லேட்டாகுது"ன்னேன். ஒடனே அம்புட்டு நீலச் சட்டையும் ரெண்டு கையத் தூக்கிச் சொடக்குப் போட்டாக, மழை பேஞ்ச மாதிரி. கூட்டத்துக்குள்ள கை தட்டுனா சத்தமாம், அதுக்குப் பதிலு அது. எனக்கு என் கல்யாணத்துல கூட இம்புட்டு மரியாத கெடைக்கல. கிறுகிறுன்னு ஏறிருச்சு. "வயசுப் புள்ள இருட்டுல வந்து நிக்கலாமா, ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"ன்னு சேத்து விட்டேன். அனுசியா மேடம் கண்ணத் தொடச்சாக. யோகராஜ் சாரு எழுதிக்கிட்டாரு. போட்டோ எடுத்தாக. மூணாம் நாளு சூர்யகலாவுக்கு வேற ஊருக்கு மாத்தி ஓலை வந்துருச்சு, "புதிய கற்றல் வாய்ப்பு"ன்னு. போகையில அந்தப் புள்ள எங்கிட்ட வந்து, "அக்கா, காளீஸ்வரிய விட்டுறாதீக"ன்னுச்சு. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா ஆறியிருப்பேன்.

வேற ஒரு தம்பி வந்துருக்கான் அந்த எடத்துக்கு. எட்டரைக்கு வந்து கை தட்டுறான்.

அது சரி, நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லயே?

ராசிங்காபுரமா? எங்க ஒச்சப்பன் சித்தப்பாவுக்குப் பொண்ணெடுத்த ஊரு! அங்க யாரு இப்ப... யாரு? சூர்யகலாவா? ஒங்க ஊருக்கா போட்டுருக்காக? ஆத்தாடி! அங்கயும் விடிய வந்து கதவத் தட்டுறாளா? ஒங்க மகன் ஒழுங்காப் போறானா? ...ம். இருக்கட்டும். நல்லாருக்கட்டும்.

அவள அங்கேயே வச்சுக்கிறணும்னு சொல்லவா வந்தீக? பாராட்டவா? அய்ய, தாயி, பாராட்டுனா இவுக ஒரு துரும்பத் தூக்கிப் போட மாட்டாக. செவத்துல ஒரு நச்சத்திரம் ஒட்டிட்டு அனுப்பிருவாக. கொற சொன்னாத்தேன் மாத்துவாக! அதேன் சொல்றேன்... தப்பா நெனைக்கப்படாது. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க உள்ள போயி ஒரே ஒரு கொற சொல்லுங்க. பெருசா வேணாம். விடியக்காலம் கதவத் தட்டுறா, தூக்கம் போகுதுன்னு சொல்லுங்க. மூணே நாளு, எங்க ஊருக்கு மாத்திருவாக. ஒங்களுக்கும் ஒரு போட்டோ கெடைக்கும். ஒங்க மகனுக்குத்தேன் பழகிருச்சுல்ல, அவன் தானா எந்திரிச்சுப் போயிர மாட்டான்?

ஏன் அப்பிடிப் பாக்குறீக? ஏங்க... எந்திரிச்சுட்டீக? வாசலு இங்கிட்டுல இருக்கு. உள்ளயா போறீக? இன்னும் கூப்புடலயே! ஏங்க, தாயி, நான் சொன்னதச் சொல்லிராதீக... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்...

சரி, சொல்லுங்க! போயி எல்லாத்தையுஞ் சொல்லுங்க! போட்டோவுல இருக்கவ சொன்னது பொய்யின்னே சொல்லுங்க! ஆனா எம்மக பேரையும் சேத்துச் சொல்லுங்க. காளீஸ்வரி, ஒம்பதாவது. அவ எங்கன்னு கேட்டா, வீட்டுல இல்லன்னு சொல்லுங்க தாயி. நான் ஒரு நாளு நின்னா தோட்டத்துல என் எடம் போயிரும்னு கங்காணி சத்தம் போட்டாரு. அதேன்... இங்க வர்றதுக்காக, எனக்குப் பதிலா அவளத்தேன் காலையில ஜீப்பு ஏத்தி விட்டுட்டு வந்துருக்கேன்.