சாவியில் கட்டிய நூல்

விரத நாளின் தலைமையேற்று வீற்றிருக்கும் கிளைனோ அம்மையார் அவர்களே, பல விழாக் கண்ட மூத்த பெருமாட்டிகளே, பசி பொறுத்துப் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இவ்வாண்டு மணமாகி வந்த மருமகள்களே, தானியமும் தந்து சட்டமும் தந்து இக்கோயில் கொண்ட தெமித்தர் தாயின் பெயரால் அனைவரையும் வணங்குகிறேன்.

பின்வரிசையில் யாரோ, "சீக்கிரம் முடிடி, தலை சுத்துது" என்கிறீர்கள். எனக்கும் சுற்றுகிறது. நேற்று இக்கோயில் சாவி என் கைக்கு வந்தது. வந்த வழியை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

போன ஆண்டு, இதே நாள், இதே நண்பகல். பதினெட்டு ஆண்டுகளாகச் சாவி காத்தவர், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் லிசில்லா அக்கா. விழா நாளில் அடிமைப் பெண் எவளும் மதிலுக்குள் வரக் கூடாது. வந்தால் சாவிக்காரி வெளியேற்ற வேண்டும். இது ஊரின் சட்டம். காப்பேன் என்று சத்தியம் செய்தவர் அவர். அன்று மாவரைக்கும் வீட்டிலிருந்து ஓடி வந்தாள் அடிமைப் பெண் மானியா. முதுகெங்கும் சவுக்குத் தடம். வந்தவள் பீடத்தைப் பற்றிக்கொண்டாள். பீடம் பற்றியவளை இழுக்கக் கூடாது. இது தாயின் சட்டம்.

தள்ளு என்றது ஊர். தொடாதே என்றது தாயின் சொல். சத்தியம் செய்த நெஞ்சு எந்தப் பக்கம் சாயும்?

மானியாவின் எசமானி எரத்தோ எழுந்தார். "சாவி என்ன அலங்காரத்துக்கா தொங்குது? தள்ளுடி அவளை."

"தள்ளலாம்," என்றார் லிசில்லா அக்கா. "பீடத்தையும் சேத்துத்தான் தள்ளணும். நீ ஒரு பக்கம் பிடிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்த கையோடு, "சட்டம் சட்டம்தானே அக்கா" என்று கத்தியவள் நான்.

மானியாவின் கைகள் மரத்து நழுவத் தொடங்கின. லிசில்லா அக்கா தம் இடைக்கச்சிலிருந்து ஒரு கம்பளி நூலை உருவினார். ஒரு முனை பீடத்தில், மறு முனை அவள் மணிக்கட்டில். நூல் அறாதவரை அவள் பீடம் பற்றியவளே. அப்படியே கிணற்றடிக்கு நடத்திப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

விழா முடிந்தது. ஒருவரும் புகார் தரவில்லை. அத்தோடு விட்டாரா? மறுநாள் லிசில்லா அக்காவே ஊர்த்தலைவர் முன் போய், தம்மை விசாரிக்கச் சொல்லி நின்றார்.

"உங்க மேல யாரும்மா புகார் சொன்னது?"

"நான்தான்."

"நீங்களேவா? வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவர்தான் பேசணும்."

"வாசல்ல நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறார். அவர் வந்தாலும் இதைத்தான் சொல்லுவார்."

"அப்ப சட்டம் தப்புங்கிறீங்களா?"

"அதைச் சொல்ல வரலீங்க. அவ திரும்ப வந்தாலும் நான் தள்ள மாட்டேன். ஆனா தள்ளுவேன்னு சத்தியம் பண்ணினவ நான். அப்புறம் சாவி எதுக்கு எங்கிட்ட? வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டார்கள். மானியாவை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கும் அவள் அடிமைதான். கூட்டிச் சொல்ல மாட்டேன்.

தாய்மார்களே, அவர் அஞ்சி ஒளிந்தாரா? ஆர்ப்பரித்து எதிர்த்தாரா? நெஞ்சு சொன்னதைச் செய்தார். செய்ததற்கான தண்டனையைத் தேடிப்போய் வாங்கினார். சட்டம் சட்டம் என்று கத்திய நான் எங்கே போனேன்? வீட்டுக்குப் போய்ப் பார்லிக் கஞ்சி குடித்தேன். சட்டத்தை மதித்தவள் யார், அவரா, நானா?

ஓராண்டு எவரும் ஏற்காமல் கிடந்த சாவி அது. நேற்று அதே சத்தியத்தைச் செய்து வாங்கினேன். வளையத்தில் ஒரு கம்பளி நூல் இருந்தது. ஒப்படைத்த அன்று அவர் கட்டியது.

"அவுத்துடட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"சாவி இப்ப உன்னுது. உன் இஷ்டம்."

இதோ, பாருங்கள். நூல் அப்படியே இருக்கிறது. மதில் வாசல் மாலைவரை திறந்திருக்கும். காவலுக்கு நான் நிற்கிறேன். வெறும் வயிற்றோடு செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. தாயின் அருள் உங்கள் அடுப்படி தோறும் தங்கட்டும். வணக்கம்.