பழைய பூட்ஸுக்குப் புதுசு

கையெழுத்து இருக்கட்டும் தம்பி, பேனாவக் கீழ வைங்க. வைங்கன்னா. என்ன அவசரம்? வெளிய மழை, ரோடு பூரா சேறு, இந்த ஏப்ரல் மாசத்துல மெய்ன் மாநிலத்துல எவன் எங்க ஓடப் போறான்? நான் ஒரு தடவ நல்லாப் பாத்துடறேன். நீங்க கையெழுத்துப் போட்ட மறு நிமிஷம் இந்தக் கத்திய எடுத்து நீங்க கொண்டாந்த ரெண்டு பூட்ஸையும் மேல இருந்து கீழ வரைக்கும் கிழிச்சு அந்தத் தொட்டியில போடணும். உங்க கண்ணு முன்னாடியே. அதான் இங்க ரூலு. இல்லன்னா குப்பையில பொறுக்கி எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் இன்னொருத்தன் வந்து நிப்பான், எனக்கும் புதுசு குடுன்னு.

சிரிக்காதீங்க, நடந்திருக்கு. இந்தக் கடைய ஆரம்பிச்ச கெழவர் நல்ல மனுஷன். எப்ப வாங்குனதா இருந்தாலும் ஓட்டையாச்சுன்னா கொண்டா, புதுசு தரேன்னு போர்டு எழுதி மாட்டிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அனுபவிக்கறது நானு. இந்தக் கவுண்டர்ல பத்தொன்பது வருஷம். இங்க வந்து விழாத அசிங்கம் கெடையாது. ஒருத்தி பூட்ஸுக்குள்ள மண்ணப் போட்டுச் செடி வளத்திருக்கா. செடியப் புடுங்கிட்டு, வேர் தொங்கத் தொங்கக் கொண்டாந்து, தண்ணி உள்ள வருதுங்கறா. தண்ணி வடியறதுக்கு அடியில அவளே ஓட்ட போட்டிருக்கா தம்பி! இன்னொருத்தன் கொண்டாந்ததுல எலி குட்டி போட்டிருந்துச்சு. உள்ள கைய விட்டது யாரு? நானு. சீ! அந்த ஆளு கொஞ்சம்கூடக் கூசாம, அந்த எலி எங்க வீட்டுது இல்லீங்கறான்.

அதனாலதான் ஜனவரியில இருந்து ராண்டி இந்த ஃபாரத்தக் கொண்டு வந்தான். மேனேஜரு. அதோ கண்ணாடிக்குப் பின்னால டோனட்டத் தின்னுக்கிட்டு நம்மளயே பாத்துக்கிட்டிருக்கானே, அவன்தான். இத நானே இந்தக் கடையில வாங்கினேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். ஜனங்க யோசிக்கறாங்கன்னா நெனைக்கறீங்க? கண்ண மூடிக்கிட்டுப் போட்டுட்டுப் போறாங்க.

நீங்க எப்ப வாங்குனதாச் சொன்னீங்க? ரெண்டு வருஷம். ம். ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். இந்த ரகம் வர்றது நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப வர்றதுக்கெல்லாம் நுனி கருப்பா இருக்கும். இது முழுப் பச்ச. பழைய சரக்கு உள்ள கெடந்திருக்கும்ங்கறீங்க. கெடந்திருக்கும், கெடந்திருக்கும். மேல புடிச்சு இழுக்கற காதுல இதென்ன செவப்பு நூலு? நீங்களே கட்டுனதா? நல்ல கை உங்களுக்கு. சர்ச்சுக் கீழ்த்தளத்துல பழைய சாமான் விக்கற பொம்பளைங்க, ஜோடி பிரியாம இருக்கட்டும்னு இதே நூலுல இதே முடிச்சுதான் போடுவாங்க. போன சனிக்கெழமகூட வித்தாங்க.

அட, எந்திரிக்காதீங்க. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? போலீசையா கூப்புடப் போறேன்? உங்கள மாதிரி வாரத்துக்கு நாலு பேரப் பாக்கறேன். ஆரம்பத்துல கோவம் வரும். அதெல்லாம் எப்பவோ போச்சு, இப்ப வெறும் அருவருப்புதான். உக்காருங்க. ராண்டி பாக்கறான், பூட்ஸு போட்டுப் பாக்கற மாதிரி உக்காருங்க.

எங்க நடக்கறதுக்கு? பறவ பாக்கவா, இந்த உப்பங்கழிப் பக்கம்? யாருக்குப் பறவப் பைத்தியம், உங்களுக்கா? நீங்க பழகற பொண்ணுக்கா. அதான பாத்தேன். அவ கூட்டிக்கிட்டுப் போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே போகணும், பூட்ஸு மட்டும் ஓசியில வேணும். நல்லாருக்கு. எங்க வீட்லயும் ஒருத்தரு இருக்காரு, எல்வுட்டுன்னு பேரு. முப்பது வருஷமா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அந்தக் கழிக்குப் போயிடுவாரு. ஒரு கொக்கு நின்னுதாம், அதப் பாத்துக்கிட்டு நின்னாராம். வரும்போது வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் சேறு. அந்த நாத்தத்தோட பக்கத்துல வந்து உக்காந்து காப்பி கேப்பாரு. கழிச் சேறு நாத்தம் தெரியுமா உங்களுக்கு? அழுகுன முட்டையக் கோட்டுப் பைக்குள்ள வச்ச மாதிரி. அந்தப் பொண்ணக் கட்டிக்கிட்டீங்கன்னாத் தெரிஞ்சுக்குவீங்க.

ஷூவக் கழட்டுங்க. அய்ய, கருமம், இதென்ன சாக்ஸு, ஈரத்துணியச் சுத்தி வச்ச மாதிரி? பூட்ஸு வாங்க வரும்போது எந்த சாக்ஸுல நடப்பீங்களோ அதப் போட்டுக்கிட்டு வரணும். இந்தாங்க, கம்பளி சாக்ஸு, இதப் போட்டுப் பாருங்க. அந்தப் பளபளா ஜோடியத் தொடாதீங்க. கட்டவிரலால அழுத்தி மடக்கிப் பாருங்க. வெள்ளையாக் கோடு விழுது பாத்தீங்களா? அது ரப்பரே இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு. ரெண்டு பனிக்காலம் போனா அந்தக் கோட்டுலயே பொளந்துக்கும். அந்த முட்டி வரைக்கும் வர்றது சிப்பி தோண்டறவனுக்கு. நடக்கறதுக்குப் பாதிக் கெண்டக்கால் போதும், இல்லன்னா ஒரு மைல்ல காலு கனத்துப் போகும். அடியப் பாருங்க, பள்ளம் அகலமா இருக்கணும். நெருக்கமா இருந்தா சேறு உள்ளயே அடைச்சுக்கிட்டு வழுக்கும். இதப் போட்டு எந்திரிச்சு நில்லுங்க. வெரல ஆட்ட முடியுதா? குதிகால் லேசா ஏறி எறங்கலாம், அதுக்கு மேல ஏறினாக் கொப்பளம். கணுக்கால்ல கொஞ்சம் புடிக்கணும், இல்லன்னா சேறு உறிஞ்சுக்கிட்டு வெறுங்கால உங்ககிட்டக் குடுத்துடும்.

போட்டவொடனே நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. ஆம்பளைங்க எல்லாரும் இதத்தான் சொல்றீங்க, நல்லாருக்கு, நல்லாருக்குன்னு. உள்ள கைய விட்டுச் சுத்தித் தடவிப் பாக்கணும். எங்கயாவது மேடா, நெருடலா ஏதாவது இருக்கான்னு. கண்ணுக்குத் தெரியாது, கையிக்குத் தெரியும். பாத்துட்டீங்களா, இருக்கா? இல்ல. நல்லது. இப்ப நீங்க கொண்டாந்த பழசுல, வலதுல, அதே மாதிரி கைய விடுங்க. குதிகாலுக்கிட்ட. தட்டுப்படுதா? ஒரு ஒட்டு இருக்கும், ஓரம் நகம் மாதிரி தூக்கிக்கிட்டு இருக்கும். அது என்னன்னு சொல்லுங்க பாப்போம், நீங்க வாங்குன பூட்ஸுதான?

தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? சைக்கிள் ட்யூபு அது. போன அக்டோபர்ல நான் வெட்டி ஒட்டுனது. உள்துணி கிழிஞ்சு தொங்குது, பத்தொன்பது வருஷமா கடையில வேல பாக்கறவ, புதுசு ஒண்ணு மாத்திக் குடுடீன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். ஊருல இருக்கறவன் பொய் சொல்லி வாங்கிட்டுப் போறதப் பாத்துப் பாத்து எனக்கு அந்தத் திமிரு. எங்க வீட்டுப் பூட்ஸக் கவுண்டர்ல வைக்க மாட்டேன்னு, நானே ஒட்டிக் குடுத்தேன். இது எல்வுட்டோடது தம்பி.

அவருக்குச் சர்க்கர. பாதத்துல உணர்ச்சி கெடையாது. அந்த ஓரம் ஒரசி ஒரசிப் புண்ணாகி, அது அவருக்கே தெரியல. கழிக்குப் போறதும் வர்றதுமா நடந்துக்கிட்டே இருந்திருக்காரு. நாத்தம் வந்துச்சு, நான் சேறுன்னு நெனச்சேன். சீ, கிட்டயே வராதீங்கன்னு திட்டுவேன். பிப்ரவரியில முட்டிக்குக் கீழ காலையே எடுத்துட்டாங்க. பாங்கர் டவுன் ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்டுது, என்ன ஒரசிச்சு, எந்தச் செருப்பு, ஞாபகம் இருக்கான்னு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். இவரு ஒரு பார்வ என்னைப் பாத்துட்டு, தெரியலம்மா, ஏதோ கல்லு உள்ள போயிருக்கும்னாரு.

வீட்டுக்கு வந்தா இது வாசல்ல நிக்குது. தெனம் நிக்குது. சகிக்கல. ஒரு நாள் எடுத்துக் கொண்டுபோய் சர்ச்சுப் பெட்டியில போட்டுட்டேன், பீட தொலஞ்சுதுன்னு. சனிக்கெழம வித்துட்டாங்க. ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் பண்றாரு. வியாழக்கெழம புதுக்கால் பொருத்தறாங்களாம், எதப் போட்டு நடப்பீங்களோ அதக் கொண்டாங்க, குதிகால் ஒசரம் அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கணும்னாங்களாம். என் பச்ச பூட்ஸக் கொண்டாங்கறாரு. அதப் போட்டு நடக்கற மாதிரி செஞ்சாப் போதும், வேற எதுக்கும் எனக்குக் காலு வேணாம்ங்கறாரு. வாசல்லதான இருக்குன்னு கேட்டாரு. ஆமான்னேன். நேத்தும் கேட்டாரு. நேத்தும் ஆமான்னேன். சர்ச்சுல போயிக் கேட்டா, தொப்பி போட்ட ஒரு பையன் வாங்கிட்டுப் போனான், எந்த ஊருன்னு தெரியலங்கறாங்க. எனக்கே என்னப் பாத்தாப் புடிக்கல தம்பி, உங்கள என்னத்தச் சொல்ல?

அதான் கையெழுத்துப் போடாதீங்கங்கறேன். போட்டீங்கன்னா, அவன் பாத்துக்கிட்டிருக்கான், நான் இதுல கத்திய வச்சுதான் ஆகணும். அந்த ஃபாரத்தக் கசக்கிப் பையில வச்சுக்குங்க. கால்ல இருக்கறத அப்படியே போட்டுக்கிட்டுப் போங்க, அத என் பேர்ல எழுதிக்கறேன். பழச அந்தப் பைக்குள்ள போட்டு, மறந்துட்டுப் போற மாதிரி கவுண்டருக்கு அடியில வச்சுட்டுப் போங்க. ராண்டி கேட்டா மனசு மாறிடுச்சுன்னு சொல்லுங்க. அந்த மனுஷன் டாக்டர்கிட்ட என்னைக் காட்டிக் குடுக்கல. நீங்களும் காட்டிக் குடுக்காமப் போங்க.