மாணவி ‘அ’ பற்றி மதிப்பீட்டாளர் தரும் விளக்கம்

ஆதாரம் இல்லாத கட்டுரையைப் படித்தால் எனக்குச் சோறு இறங்காது. மொழிக் கல்விக்கான நம் வலைப்பதிவுக்குச் மலைமேல் செம்மேட்டில் இருந்துகொண்டு சில வருடங்களாக மதிப்பீடு எழுதுகிறேன். மணிவண்ணன் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான் என்பார்கள். நான் யாரையும் கொன்றதில்லை.

நம் முறை புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முகத்தை மறைத்துக்கொண்டு மதிப்பிடுவது இங்கே கிடையாது. மதிப்பீட்டாளர் தன் பெயரைப் போட்டு, கட்டுரைக்குக் கீழேயே எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்பார். எழுதியவரும் அங்கேயே பதில் சொல்ல வேண்டும், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது மாதிரி. பதில் சரியாக இருந்தால்தான் கட்டுரை ஏற்கப்படும். இப்போது ஆசிரியர் குழு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அதையும் பெயர் போட்டே தருகிறேன்.

வெளிநாடு போகும் நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் ராதிகா ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். மலையில் பிறந்த ஒரு பெண் ஜெர்மன் கற்றுக்கொள்ளும் விதம் பற்றியது. ஊரும் பேரும் இல்லை. ‘மாணவி அ’, அவ்வளவுதான். ‘என் வீடு’ என்ற பாடத்தில் அந்தப் பெண், இடி விழுந்து பிளந்த பிறகும் ஒரு பாதியில் மட்டும் காய்க்கிற பலாமரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அந்த மரத்துப் பழத்தை நான் வயிறு முட்டத் தின்றிருக்கிறேன். எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டில் என் அக்கா சென்னம்மாள் வீட்டு வாசலில் நிற்கிறது.

அக்கா மகள் யமுனாவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். நர்சிங் முடித்தவள், நிச்சயத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறிப் போய்விட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று டீக்கடையில் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. அக்காவோ, “எங்கயோ நல்லா இருந்தாச் செரி, உடு சாமி” என்று சொல்லிவிட்டாள். எனக்கு அரைகுறை முடிவுகளில் உடன்பாடு இல்லை.

என் கேள்விகள் ஒழுங்கானவை. எங்கே நடந்த ஆய்வு என்று சொல்லாமல் எப்படி நம்புவது என்று கேட்டேன். கோயம்புத்தூர் என்றார். தங்கும் இடம் படிப்பைப் பாதிக்குமே என்றேன், விடுதியின் பெயரைச் சேர்த்தார். உச்சரிப்புக்குச் சான்றாக ஒலிப்பதிவு வேண்டும் என்றபோதுதான் கொஞ்சம் தயங்கினார். வெளிப்படைத்தன்மைக்கு விலக்கு கிடையாது என்று எழுதினேன். உங்களில் பலர் அதற்கு விருப்பம் தெரிவித்தீர்கள். ராதிகா பதிவை ஏற்றிவிட்டு, போன் செய்து, “உங்களாலதாங்க சார் என் கட்டுரை உருப்பட்டுச்சு” என்றார். ஒலிப்பதிவில் இருந்த குரல் யமுனாவுடையதுதான். கட்டுரையை ஏற்கலாம் என்று அன்றே பரிந்துரைத்தேன்.

மறுநாள் ஜீப் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். உன் அம்மா சாகக் கிடக்கிறாள் என்றேன். அக்கா அப்போது மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். யமுனா மாற்றுத் துணிகூட எடுக்காமல் வந்து ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் அம்மாவை நினைத்து அழுதுகொண்டே வந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஜீப் என் வீட்டு முன்னால் நின்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, என்னைய உட்டுருங்க. அடுத்த மாசம் பரீட்சைங்க” என்றாள்.

அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் தாலி கட்டினேன். அவள் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டுரையை நீக்க ஆசிரியர் குழு யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம், நல்ல கட்டுரை. ராதிகாமேல் ஒரு தவறும் இல்லை. கேட்டவன் நான், பொய் சொல்லிக் கூட்டிவந்தவன் நான், அறையைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவனும் நான்தான்.

தாலி கட்டியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. புதிய மொழிக்குள் வருகிறவர்கள் ஆரம்பத்தில் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள் என்பது இத்துறையில் இருக்கிற நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் தினமும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.