வலது பக்கத்து முன்னுரிமை

நம் நாட்டு வரைபடங்களில் கண்ணுக்கு அழகான சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். விடுமுறைக்குக் கிளம்பினால் அந்தப் பச்சைக் கோட்டை விட்டு விலகக் கூடாது என்பது என்னுடைய ஒரே பிடிவாதம். மற்ற பிடிவாதங்கள் எல்லாம் என் கணவருடையவை. எங்கள் ஊர் ஓர்லேயானிலிருந்து இந்தப் பக்கம் வர நெடுஞ்சாலையில் அரைநாள் போதும். நாங்கள் ஆற்றோரமும் குன்றோரமுமாக, கண்ட இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டு, ஆடி அசைந்து வந்தோம்.

இதெல்லாம் எதற்கு என்று பார்க்கிறீர்கள். சொல்லத்தானே வந்திருக்கிறேன், பொறுங்கள் ஐயா. காபிக்கு நன்றி. காவல் நிலையத்துக் காபி என்று பார்த்தால் மோசமில்லை.

என் கணவர் எர்வே நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின், அதற்குமேல் தொடமாட்டார். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் சொன்னது எதுவுமே தப்பாகப் போகாது என்பதுதான். உணவகத்துப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் சாக்பீஸ் வாங்கித் திருத்திவிட்டுத்தான் உட்காருவார். பாலாடைக்கட்டியின் கூர்முனையை நான் குறுக்கே வெட்டிவிட்டால் அப்படி வெட்டக் கூடாது என்று விருந்தாளிகள் முன்னால் ஒரு சின்னப் பாடம் நடக்கும். மழை வராது என்பார், வராது. நான் எடுத்துப்போன குடை நனையாமல் திரும்பி வரும். அவர் குடையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வைக்குத்தான் குடை பிடித்திருக்கிறேன்.

வண்டி ஓட்டுவதிலும் அப்படியே. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும். சாணி மிதித்துக்கொண்டு ஒரு சந்துக்குள்ளிருந்து வந்தாலும் அந்த நேரத்துக்கு அவர்தான் ராஜா. உங்களுக்குத் தெரியாததா? ஆனால் நீங்களும் நானும் ராஜாவாக இருக்கும்போதுகூட இடது பக்கம் ஒரு கண் போட்டுக்கொள்வோம். எர்வே போடமாட்டார். ஒருமுறை கேட்டேன்.

“இந்தப் பக்கமும் கொஞ்சம் பாத்துக்கிட்டா என்ன?”

“நான் பாத்தேன்னு வை, அவன் நிக்கமாட்டான். பாக்காம போனாத்தான் நிப்பான். நிக்க வேண்டியது அவன்தானே ஜோஸெத்?”

எல்லாரும் நின்றார்கள். அதுதான் கஷ்டம்.

இங்கே மலைமேல் ஒரு பண்ணை வீட்டில் அறை எடுத்தோம். மேட்டு நிலம் வழியாக வந்ததால் கீழே ஆற்றுச் சாலையில் சேரும் சந்திப்பை எர்வே பார்க்கவில்லை. வந்த மறுநாள் பாறை விளிம்பில் துணி விரித்து, ஹாமும் ரொட்டியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீழே வளைந்து போவது செலே ஆறு என்றேன் நான். லோத் ஆறு என்றார் அவர். செலே எங்கே ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்று ரொட்டித் துண்டுகளை அடுக்கிக் காட்டினார். சாயங்காலம் பண்ணைக்காரம்மாவைக் கேட்டோம். செலேதான் என்றாள். நான் எர்வேயைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு படபடத்தது.

“அதைத்தானே நானும் சொன்னேன்” என்றார்.

கோபம் வரவில்லை. ஒரே ஒரு தடவை, இந்த மனிதரின் வாயிலிருந்து ‘தப்பு என்னோடது’ என்று வந்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பெரிய ஆசையில்லை. சில பெண்கள் முத்து மாலை கேட்கிறார்கள்.

மையித்தே பற்றிச் சொல்ல வேண்டும். ரொட்டி வேன் ஓட்டும் பெண். ஆற்றுச் சாலையில் ஒவ்வொரு சின்னக் குடியிருப்பிலும் நிறுத்தி, ஹாரன் அடித்து, திரும்பும் வழியில் எங்கள் பண்ணைக்கும் ஏறி வருவாள். முதல் நாளே எர்வே அவளுடைய ரொட்டியைத் திருப்பி, அடியில் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கிண்டல்தான்.

“ஐயா எழுந்தாச்சா மேடம்? நாளைக்கு அவரையே அடுப்பு முன்னால நிக்க வச்சிடறேன். ரொட்டி பயந்துபோய் தானே வெந்துரும்.”

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள்தான் பேச்சுவாக்கில் அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொன்னாள். முன்பெல்லாம் மலையிலிருந்து எந்த டிராக்டர் வந்தாலும் வலது பக்கம் என்று அவள் பிரேக் போட வேண்டியிருந்ததாம். இந்த வசந்த காலத்தில் மலைச் சாலைக்கு ‘நில்’ பலகை நட்டுவிட்டார்களாம். இப்போது நிம்மதி, நிறுத்தாமல் போகிறேன் என்றாள்.

கிளம்புகிற அன்று காலை எர்வே சவரம் செய்துகொண்டிருந்தார். நான் கால்நடையாகக் கீழே போய்வந்தேன். பண்ணையின் குப்பைக்குப் போடும் கறுப்புப் பை ஒன்று, கொஞ்சம் ஒட்டுநாடா. பலகை என் உயரத்துக்குத்தான் இருந்தது. புதிதாக நட்ட பலகைக்கு உத்தரவு அமலுக்கு வரும்வரை இப்படித்தான் பை மாட்டி வைப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எர்வே மட்டும் பார்ப்பார் என்று தெரியும். சாலை விதி விஷயத்தில் அவர் கண் தப்பாது.

திரும்பி வந்து காபி குடித்தோம். ஆற்றோரம் தூரத்தில் ரொட்டி வேனின் ஹாரன் கேட்டதும் போகலாம் என்றேன். பெட்டியை எப்படி வைத்தால் இடம் மிச்சமாகும் என்று அவர் விளக்கினார். கிளம்பினோம். வாதுமை மரங்களின் நடுவே அந்த இறக்கம் அழகாகத்தான் இருக்கும், வரைபடத்தில் பச்சைக் கோடு போட்டதில் தப்பில்லை.

“பாத்தியா, பலகைய நட்டுட்டு மூடி வச்சிருக்காங்க. இன்னும் உத்தரவு வரல. அதுவரைக்கும் நமக்குத்தான் முன்னுரிமை” என்றார்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் இடது பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஒரு சின்ன இடி, கதவில் ஒரு நசுங்கல், நடுச்சாலையில் மையித்தேவிடம் திட்டு வாங்கும் எர்வே. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். ரொட்டி வேன் எவ்வளவு வேகமாகப் போய்விடும்? அவள் நிறுத்தாமல் போகிறேன் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அது இல்லையென்றால் இடியே நடந்திருக்காதே.

சத்தம் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. எங்கள் முன்பக்கத்தை இடித்த வேன் சுழன்று போய்ச் சாலையோர மரத்தில் மோதி நின்றது. எர்வே தலை சாய்ந்து கிடந்தார், மூச்சு வந்தது. எனக்கு முழங்கையில் ஒரு கீறல். இறங்கி, பின்னால் நடந்து, பலகையிலிருந்து பையைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு வேனுக்குப் போனேன். சாலை முழுக்கச் சூடான ரொட்டி கிடந்தது. மையித்தேவுக்குப் பேச்சு இருந்தது.

“அவர்தானே நின்னிருக்கணும் மேடம்?”

“ஆமாம் கண்ணு, அவர்தான். உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்காக உண்மையாகவே அழுதேன், பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கஓர் நகரத்து ஆஸ்பத்திரியில் எர்வே கண் திறந்ததும் அந்தப் பையைப் பற்றித்தான் கேட்டார். பலகை மூடியிருந்தது என்று உங்கள் ஆட்களிடமும் சொன்னார். அவர்கள் போய்ப் பார்த்தார்கள், பலகை பளிச்சென்று நின்றது. தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படிப் பொய் ஞாபகம் வருவதுண்டு என்றார் டாக்டர்.

“பை இருந்துது ஜோஸெத். நீயும்தான் பாத்தியே.”

“எந்தப் பை?” என்றேன்.

ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாக. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“நான் நிக்கல. அந்தப் பொண்ணைக் கொன்னுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னார்.

இப்போது வழக்கு என்கிறீர்கள். தான் ஜெயிலுக்குப் போகத் தயார் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாராம். அவருடைய வயதுக்கு அது ஒத்துவராது, ராத்திரி சூப் இல்லாமல் தூங்கமாட்டார். அதனால்தான் வந்தேன். பையை மாட்டியது நான், கழற்றியது நான். மையித்தேவின் உயிருக்கு நான்தான் பொறுப்பு. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எர்வேயை விட்டுவிடுங்கள், ஆனால் காரணம் வேறு ஏதாவது சொல்லுங்கள். பை இருந்தது என்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் மறுபடியும் அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.