ஏழாவது ஸ்டேஜில் போகிற கரண்ட்

“இந்த ஆளுக்கு ஏனுங்க ஒரு பக்கம் மட்டும் இரும்பு?” என்று கேட்டது நான்தான்.

“மறு பக்கத்துக்குத் தகடு பத்தலை போல” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கும் பெரியநாயகத்துக்கும் நடந்த முதல் பேச்சு இவ்வளவுதான், ஐயா. கரண்ட் ஆபீஸ் விசாரணை என்று கூப்பிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். தப்பாக நினைத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

என் பெயர் சகாயமேரி. வயது இருபத்தைந்து. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருக்கிறேன். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாவு மில்லை ஒட்டி இருக்கிற வீடியோ கேம்ஸ் கடை என் அண்ணன் கஸ்பாருடையது. பெங்களூரில் வேலை பார்த்தவன், ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தையல் மிஷின் கொண்டுவருவதுபோல ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பகலில் அவன் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பார்சல் வேலைக்குப் போய்விடுவான். கடையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது நான். என் நாற்காலிக்கு மேலே சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கிறது. எழுந்து நின்றால் கைக்கு எட்டும்.

பெட்டியில் ஒரே ஒரு ஆட்டம்தான். அதில் வருகிற எழுத்து ஜப்பானா சீனமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் கடைக்கு வருகிறவர்களே பேர் வைத்துவிட்டார்கள். பாதி மனுஷன், பாதி மிஷின், கையில் நீலமாக மின்னுகிற கத்தி, அவன் பாதியண்ணன். அவனைத்தான் நாம் ஆட்டுவோம். எப்போதும் ஜோடியாக வந்து முன்னேயும் பின்னேயும் வழி மறிப்பவர்கள் டிரைவரும் கண்டக்டரும். சிவப்பு உடுப்பில், இரண்டு கையிலும் கத்தியோடு, நாம் வேறு யாரையோ கவனிக்கும்போது முதுகுப் பக்கம் வருகிறவள் நாத்தனார். கடைசியாக ஏழாவது ஸ்டேஜில், உயரமான நாற்காலியில் சாய்ந்துகொண்டு தகடு தகடாக வீசுகிறவன் பெரிய ஆபீசர். எவ்வளவு வெட்டினாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். அந்தப் பேர் நான் வைத்ததில்லை, ஐயா. புளி மண்டியில் எடை போடுகிற கருப்பண்ணன் வைத்தது.

பெரிய ஆபீசர் செத்தால் அப்புறம் என்ன வரும் என்று அரூரில் ஒருவருக்கும் தெரியாது. பாதியண்ணனுக்கு மறுபாதி உடம்பு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு கட்சி. முழுசாக இரும்பாகிவிடுவான் என்று இன்னொரு கட்சி. இதற்காக ஒரு நாள் டீக்கடையில் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியநாயகம் டிராக்டர் டிரெய்லர் பட்டறையில் வெல்டர். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதில் கரும்பு ஆட்டுகிற மிஷினில் போனது. மீதி மூன்று விரலால் குச்சியைப் பிடித்து, வலது கையால் கத்திப் பொத்தானை அமுக்குவார். சாப்பாட்டு நேரத்தில் வருவார், அரை மணியில் போய்விடுவார். அவர் வந்தாரென்றால் கடையில் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள்.

“ஏம்ப்பா, நாத்தனாரைப் பின்னாடி விடாதே. குத்திட்டுத்தான் குசலம் கேப்பா” என்பார் கருப்பண்ணன்.

“உங்க வூட்டுக் கதையை இங்க சொல்லாதீங்கண்ணே” என்பார் இவர். கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும்.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, ஓசூரில் ஒரு கம்பெனியில் தனக்கு வேலை சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்.

“எப்பக் கெளம்பறீங்க?” என்று கேட்டேன். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான்.

“இந்த ஆபீசரை முடிச்சதும் கெளம்ப வேண்டியதுதாங்க. ஆரம்பிச்சதைப் பாதியில விட்டுட்டுப் போனா, போற எடம் வெளங்காது.”

அடுத்த புதன்கிழமை அவர் பெரிய ஆபீசரை நாற்காலியை விட்டு எழுப்பிவிட்டார். அதுவரை யாரும் பார்க்காத காட்சி. கடையே எழுந்து நின்றது. பதினைந்து பேர், பதினைந்து முதுகு. நானும் எழுந்து நின்றேன். கையை உயர்த்தி, சுவிட்சை இறக்கினேன். திரை கறுத்தது.

“கரண்ட் போச்சு” என்று நானே முதலில் சொன்னேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். யோசித்துத்தான் செய்தேன். ஒருவர் ஆட்டத்தை முடித்துவிட்டால், முடிவு தெரிந்த ஆட்டத்தை ஆட யார் வருவார்கள்? அண்ணனுடைய பிழைப்பு என்னாவது? தவிர, அவர் காலையெல்லாம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கிறவர். மத்தியானம் இதையும் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும்? ஓசூரில் தண்ணீரும் சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு மனுஷருக்கு நல்லது நினைப்பது குற்றம் என்றால் நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் அவர் முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏழாவதுக்கு வந்தார். மறுபடி கரண்ட் போயிற்று. அவர் என் பக்கம் திரும்பி, “சரிங்க, நாளைக்கு வர்றேன்” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே சாயங்காலம் வரை டோக்கன் கொடுத்தேன். இப்படி மொத்தம் இருபத்து மூன்று தடவை.

லைன்மேன் ஆண்டி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போனால் ஜனங்கள் அவரைத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர் கடை வாசலில் இருக்கிற போஸ்ட்டில் ஏறி, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்குவார். அதற்குள் நான் சுவிட்சை ஏற்றிவிடுவேன். “வந்துருச்சுங்கண்ணா, கைராசிக்காரர் நீங்க” என்று சொல்லி மோர் கொடுப்பேன். பதினாலு தடவை ஏறினார். அதில் ஒரு தடவை காய்ச்சலோடு. ஒரு தடவை இறங்கும்போது கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிக்கொண்டது. நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

கணுக்கால் சரியான மறுநாளே அவரை மறுபடி ஏற வைத்ததும் நான்தான். அன்றைக்கும் ஏழாவது ஸ்டேஜ் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை ஜனங்கள் கொடுத்த மனுவில் நீங்கள் படித்திருப்பீர்கள். அன்று பெரிய ஆபீசரிடம் நூலளவு உயிர்தான் மிச்சம். இன்னும் ஒரே வெட்டு. நான் எழுந்து சுவிட்சை இறக்கினேன். நான் இறக்குகிற நேரத்தில் எப்போதும் திரும்பாதவர், அன்றைக்குப் பார்த்துச் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. களைத்துப்போன முகம். எனக்குப் பதறிவிட்டது. ஏற்றினேன். மறுபடி பயம் வந்து இறக்கினேன். ஏற்றினேன். உள்ளே பட்டென்று ஒரு சத்தம். பெட்டியின் முதுகிலிருந்து புகை வந்தது. ரப்பர் எரிகிற நாற்றம். பாதியண்ணன், நாத்தனார், டிரைவர், கண்டக்டர் எல்லோரும் அதோடு சரி. அதற்குள் இருந்த சர்க்யூட் அட்டை இந்தப் பக்கம் எங்குமே கிடைக்காதாம்.

அண்ணன் அன்று சாயங்காலம் வந்து, பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஜனங்கள்தான் பேசினார்கள். எல்லாம் ஆண்டியின் அலட்சியம், மனு எழுத வேண்டும் என்றார்கள். டைப் தெரிந்தவள் நான் ஒருத்தி. ‘மேற்படி லைன்மேனின் தொடர்ந்த பொறுப்பற்ற போக்கினால்’ என்கிற வரி என்னுடையது. நல்ல வரி என்று கருப்பண்ணன் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் போடாமல் இருப்பது? விசாரணை முடிகிறவரை ஆண்டி அண்ணன் வேலைக்கு வர வேண்டாம் என்றாகிவிட்டது. அவர் சம்சாரம் மாதம்மாள் நேற்று எங்கள் தெரு வழியாகப் போனாள். என்னைப் பார்த்து, “எண்ணெயில கால் நல்லாருச்சும்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் பெரியநாயகம் வந்தார். மூடிக் கிடந்த கடைக்கு முன்னால், வெயிலில் நின்றுகொண்டே பேசினார்.

“கரண்டு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேங்க.”

“என்னத்தை?”

“ஒயரை நோண்டுனது நான்தான்னு.”

“நீங்க ஏனுங்க நோண்டப் போறீங்க?”

“நீங்க மட்டும் ஏன் எறக்கப் போறீங்க?”

பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

“ரெண்டாவது தடவையே தெரியும். கரண்ட் போச்சுன்னு நீங்க சொல்றீங்க. பக்கத்துல மில்லு பாட்டுக்கு ராகி அரைச்சுக்கிட்டிருக்குது. ஒரே போஸ்ட்டுங்க.”

நாலு வருஷமாக அந்த மில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயா. அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. என் மூச்சு எனக்குக் கேட்காத மாதிரி. கடைக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான் பழகிப்போயிருக்க வேண்டும். மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான், அதை நான் யோசிக்கவில்லை.

“தெரிஞ்சும் ஏனுங்க திரும்பத் திரும்ப வந்தீங்க?”

விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

“எனக்குன்னு போய்ப் பேச வூட்டுல பெரியவங்க நாலு பேர் இருந்திருந்தா, நான் ஏன் பொட்டி முன்னாடி நின்னு கத்தி சுத்தறேன்?” என்றார். “நீங்க எறக்கற வரைக்கும் ஓசூரு இல்லைன்னு ஒரு நிம்மதி. அவ்வளவுதாங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே, ஐயா, அவர் எழுதிக் கொடுத்தது பொய். அதைக் கிழித்துவிடுங்கள். கேஸ் என்று ஒன்று வந்தால் ஓசூரிலும் எடுக்க மாட்டார்கள், அரூரிலும் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆண்டி அண்ணன் மேல் ஒரு தூசு அளவும் தப்பில்லை, இன்றைக்கே வேலைக்குக் கூப்பிடுங்கள். மனுவில் பொறுப்பற்ற போக்கு என்று வருகிற இடத்தில் என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள். வரி சரியாகவே பொருந்தும். பெட்டியைக் கொன்றது நான். காய்ச்சல்காரரைக் கம்பத்தில் ஏற்றியது நான். அண்ணனிடம் இன்று ராத்திரிக்குள் நானே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. அவனும் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், கதவடியில் அவன் செருப்பு தெரிகிறது.

வியாபாரம், கண், ஓசூர்த் தண்ணீர் என்று நான் சொன்னதையெல்லாம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள், ஐயா. இனிச் சொல்லப்போவது உங்களுக்கு இல்லை. வெளியே பெஞ்சில், ஆண்டி அண்ணனுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு. ஒரு வருஷமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். வேண்டாத இடத்தில் எல்லாம் கை நீண்டதே தவிர, வாய் வரவில்லை.

“என்னங்க, பெரியநாயகம், உங்களைத்தான். நாலு பேர் இல்லைன்னா பரவாயில்லை. தட்டும் வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தனி ஆளா எங்க வூட்டுக்கு வந்து, எங்க அண்ணங்கிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க.”